சீதன வீட்டை மறக்கச் சொன்ன சோதனை

டென்மார்க்கிலிருந்து லண்டனுக்குப் போகிற முதல் தமிழ் சொலிசிற்றரை உருவாக்கியவள் நான்தான். அதுவும் இக்காஸ்ட் என்ற சின்ன டெனிஷ் ஊரில், என் குசினி மேசையில், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். முதல் ஆளோ என்று எனக்குத் தெரியாது. உருவாக்கினேன் என்பதும் பெரிய சொல். மேசை மட்டும் சத்தியமாக என்னுடையது.

என்னை ஊர்ப் பழக்கத்தில் ரீச்சர் என்று கூப்பிடும் மேரிசெலின் எண்பத்துநாலில் புருஷன் அந்தோனிதாசனோடு இங்கே வந்து சேர்ந்தாள். அவள் ஊரில், யாழ்ப்பாணத்து மல்லாகம் நீதிமன்றத்தில் காணி வழக்குப் பேசிய சட்டத்தரணி. இங்கே தொழிற்சாலையில் சுவெற்றர்களுக்குக் கழுத்து வைத்துத் தைத்தாள். வேலை முடிந்து வந்து, லண்டனிலிருந்து தபாலில் வரும் பாடங்களைப் படித்தாள். சொலிசிற்றர், அதாவது இங்கிலாந்துச் சட்டத்தரணி, ஆக ஒரே ஒரு பாடம்தான் மிச்சம்: காணிச் சட்டம், உயில், நம்பிக்கைப் பொறுப்பு. அதில் ஏற்கெனவே ஒருதரம் பெயில்.

படிக்காமல் பெயிலாகவில்லை. சோதனைத் தாளில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் பிறவுண் என்றொரு அம்மா, தன் தாய் கொடுத்த வீட்டை மகள் இருக்கத் தம்பிக்கு எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போகிறா; வீடு ஆருக்கு என்று கேள்வி. உயிலில் உள்ளபடி தம்பிக்கு என்று எழுதிவிட்டு எழும்பவேண்டியதுதானே? இவள், யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி தாய்வழி வந்த சீதன வீடு, மகளுக்குத்தான் சேரும் என்று இரண்டு பக்கம் வாதாடியிருக்கிறாள்.

"எடியே, தேசவழமை யாழ்ப்பாணத்தாருக்கல்லோ? லீட்ஸில இருக்கிற மனுசிக்கு ஏதடி சீதனம்?"

"தெரியும் ரீச்சர். தெரிஞ்சுகொண்டுதான் எழுதுறன். பேனை தன்ரபாட்டில அங்கதான் போகுது."

அடுத்த சோதனை ஆனியில். இதிலும் விட்டால் புத்தகங்களைக் கட்டிவைத்துவிட்டு மெசினோடேயே இருந்துவிடுவதென்று அவள் முடிவெடுத்திருந்தாள். தொழிற்சாலையில் மூன்றாந்தரமும் லீவு தரமாட்டார்கள். சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

நான் மருந்து கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் சாகக் கிடக்கிற இங்கிலீஷ் துரைசாணியாக மாறினேன். சால்வையைப் போர்த்துக்கொண்டு சோபாவில் படுப்பேன். அவள் பக்கத்தில் இருந்து என் உயிலை எழுதவேண்டும். ஒரு கிழமை எனக்கு நுவரெலியாவில் தேயிலைத் தோட்டம் இருந்தது. இன்னொரு கிழமை ஸ்கொட்லாந்தில் ஒரு கோட்டை. அதில் குடியிருந்த இரண்டு பேயையும் பங்குபோட்டுக் கொடுத்தேன். மகளுக்கு மட்டும் ஒன்றும் கொடுப்பதில்லை. அதுதான் மருந்து.

"எழுது. என்ர அம்மா தந்த வீடு, வளவு எல்லாம் என்ர கிளிக்கு."

"கிளிக்கு நேர எழுத ஏலாது ரீச்சர். கிளியைப் பாக்கச் சொல்லி ஒராளிட்ட நம்பிக்கைப் பொறுப்பாக் குடுக்கலாம். பேர் அவருக்கு, பலன் கிளிக்கு."

"அந்தாள் கிளியைப் பட்டினி போட்டால்?"

"கிளி வழக்குப் போட ஏலாது."

"நல்ல சட்டம்! சரி, எழுது."

இரண்டு வரி எழுதுவாள். பேனை நிற்கும். "மகளுக்கு?"

"ஒண்டுமில்லை."

"அம்மா தந்த வீடெல்லோ ரீச்சர்..."

"நான் இப்ப இங்கிலீஷ்காரி. எழுதடி!"

அடுப்படியிலிருந்து என் மகள் விமலராணி எட்டிப் பார்ப்பாள். "அம்மா, இது விளையாட்டுத்தானே? ஊரில இளவாலை வளவு என்ர பேரிலதானே கிடக்கு?"

"நீ வெங்காயத்தைப் பார், கருகுது."

ஒருநாள் செலின் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றாமல் நின்று கத்தினாள். தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் தைக்கிற டெனிஷ்காரி கிர்ஸ்டனிடம் விசாரித்திருக்கிறாள். இந்த நாட்டில் பிள்ளைகளை முழுதாக வெட்டிவிட முடியாதாம். அவர்களுக்கென்று ஒரு பங்கு சட்டத்திலேயே உண்டாம். "ரீச்சர், டெனிஷ்காரர் எங்கட பக்கம்!"

"டெனிஷ்காரரே உனக்குச் சோதனை வைக்கினம்?"

ஆனால் எனக்கும் ஒரு கேள்வி உள்ளுக்குள் அரித்தது. இந்த இங்கிலீஷ்காரருக்கு மட்டும் பெண்பிள்ளைகளில் கவலை இல்லையா? செலினிடம் கேட்டேன். அவள் ஒரு கிழமை புத்தகத்துக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு கிடந்தாள். அடுத்த ஞாயிறு வந்தபோது முகம் பளிச்சென்று இருந்தது. முந்திய காலத்தில் அங்கே கலியாணம் கட்டினால் பெண்ணுடைய சொத்து புருஷன் கைக்குப் போய்விடுமாம். அதைத் தடுக்கத் தகப்பன்மார் சொத்தை வேறொருவர் பேரில் வைத்து, பலனை மகளுக்கென்று கட்டிவைத்தார்களாம்.

"ரீச்சர், நம்பிக்கைப் பொறுப்பைப் பாவிச்சிருக்கினம். மருமகனில நம்பிக்கை இல்லாமத்தான்!"

அடுப்படியில் விமலராணி விழுந்து விழுந்து சிரித்தாள். சாப்பிட வந்திருந்த அந்தோனிதாசன் மட்டும் சிரிக்கவில்லை. இங்கிலீஷ்காரரும் மகள்மாரை மறக்கவில்லை என்று மனம் ஆறினாளோ என்னவோ, அன்றைக்குச் செலின் என் உயிலை நிற்காமல் எழுதி முடித்தாள். மகளுக்கு ஒன்றுமில்லை என்ற வரியில்கூட 'அம்மா தந்த வீடெல்லோ' என்று கேட்கவில்லை. மருந்து வேலை செய்துவிட்டது என்று நான் எழும்பி உட்கார்ந்து இரண்டு துண்டு கேக் சாப்பிட்டேன்.

எஸ்பியா துறைமுகத்தில் இங்கிலாந்துக் கப்பல் ஏறிச் சோதனைக்குப் போனாள். கடலில் மலை உயரத்துக்கு அலை. செலின் மேல்தட்டில் நின்று சட்டப்புத்தகத்தை உரத்து வாசிக்க அலை அடங்கியது. சோதனையில் அதே மாதிரிக் கேள்வி: தாய் கொடுத்த வீடு, தம்பிக்கு எழுதிய உயில். இவள் ஒரே மூச்சில், வீடு தம்பிக்கே என்று எழுதிக் கீழே கோடும் போட்டாள். சோதனை முடிவு ஆவணியில் வந்தது. பாஸ்!

இவ்வளவையும் எழுதி முடித்து, லண்டனுக்குப் போகமுன் பயணம் சொல்ல வந்திருந்த செலினுக்கு வாசித்துக் காட்டினேன். தோடம்பழம் உரித்துக்கொண்டு கேட்டவள், கடைசியில் தலையை ஆட்டினாள்.

"கப்பலில நான் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தனான், அது போகட்டும். அந்தக் கேள்வி வந்தது உண்மைதான் ரீச்சர். ஆனா நான் அதுக்கு மறுமொழி எழுதேல்லை."

"என்னடி சொல்றாய்?"

"பேனையைத் தூக்கின உடன 'மகளுக்கு' எண்டுதான் வந்திச்சு. வெட்டிப்போட்டு, விரும்பின கேள்வியைத் தெரிவுசெய்யலாம் எண்டு கிடந்தபடியால், கடனுக்கு வீட்டை ஈடு வைக்கிற கேள்விக்கு மாறிட்டன். ஈட்டிலதான் பாஸ் பண்ணினனான்."