நாற்பத்தொரு இணைப்புகள்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே மனு எழுதும் தசரதனுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். மனுவோடு இணைப்பு வைக்கிறவர்கள், வைக்காதவர்கள். பட்டா மாறுதலோ முதியோர் உதவித்தொகையோ, வந்தவரிடம் அவர் முதலில் கேட்பது, "ஜெராக்ஸ் எங்க?" இருபத்தாறு வருடம் இந்த ஒரு கேள்வியிலேயே குடும்பம் நடத்தி, மகள் கவிநிலாவை அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்கும் அனுப்பிவிட்டார். மனுஷர் கெட்டிக்காரர். வினையே அதுதான்.

அங்கே ஹாஸ்டல் அறைக்குக் குடிபோன அன்று, அம்மா சரோஜா போனில் சொன்னபடி கவிநிலா கதவில் மஞ்சளால் பிள்ளையார் குறியான சுவஸ்திக் போட்டாள். எதிர் அறையில் மிரியம் என்ற யூதப் பெண். அதைப் பார்த்து நடுங்கிப்போய்ப் புகார் கொடுத்துவிட்டாள். பல்கலைக்கழகங்களில் யூதர்கள் மேல் இருக்கும் வெறுப்பை விசாரிக்க அந்த நாட்டு அரசு குழு போட்டிருந்த நேரம் அது. கவிநிலாவின் கதவும் கோப்பில் ஏறியது. வெறுப்பு என்று முடிவானால் விசா போய்விடும், படிப்பு பாதியில் நிற்கும்.

"நீ ஒண்ணும் பண்ணாதப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாள் மகள். தசரதனிடம் போய் இப்படிச் சொல்லலாமா?

ஒரு வாரம் ஊரைச் சுற்றினார். அரிசி மண்டி கல்லாப்பெட்டி, லாரியின் நெற்றி, லாட்ஜ் வாசல், செங்கம் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரரின் வாடகை ஸ்கூட்டர் என்று சுவஸ்திக் இருந்த இடத்தையெல்லாம் போட்டோ எடுத்தார். மொத்தம் நாற்பத்தொன்று. தலைமையாசிரியர் அப்பாதுரை அத்தனையிலும் பச்சை மையில் சான்றொப்பம் போட்டு மணிக்கட்டு வீங்கிப்போனார். 'எங்கள் ஊரில் இது எங்கும் உள்ளது, ஆகவே என் மகள் நிரபராதி' என்று எழுதி, மகளுக்குத் தெரியாமல் குழுவுக்கு மெயில் அனுப்பினார்.

பதினோராம் நாள் மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. தங்கள் அமைப்பு எப்போது தொடங்கப்பட்டது, உறுப்பினர்கள் எத்தனை பேர், தலைவர் யார்?

தசரதன் பொய் எழுதமாட்டார். தலைவர் என்ற இடத்தில் 'பிள்ளையார்' என்று எழுதிவிட்டு, எந்தத் தெருப் பிள்ளையாரின் முகவரியைக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள்.

"ஏம்பா அனுப்ன? நான் அன்னிக்கே அத அழிச்சிட்டு அவகிட்ட போய் உக்காந்து பேசினேன். அவங்க தாத்தாகூடப் பொறந்தவங்க ஏழு பேரு. நம்ம பிள்ளையார் குறி மாதிரியே ஒண்ணக் கையில கட்டிக்கினு வந்தவனுங்க ஏழு பேரையும் கொன்னுட்டானுங்க. கேட்டுட்டு நான் அழுதேன், அவளும் அழுதா. புகார வாபஸ் வாங்கிட்டா. எல்லாம் முடிஞ்சிச்சிப்பா. உன் போட்டோவ வச்சிக்கினு இப்ப மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க."

தசரதன் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். இரண்டு நாள் யாருக்கும் மனு எழுதவில்லை.

மூன்றாம் நாள் மிரியமே குழுவுக்கு எழுதினாள். குழு கோப்பை மூடியது. அவள் எழுதியதைக் கவிநிலா தமிழில் அனுப்பியிருந்தாள்.

'இது அமைப்பு இல்லை. மகளுக்காகப் பயந்துபோன ஓர் அப்பா. அந்தக் கதவைப் பார்த்த அன்று என் அப்பாவும் இப்படித்தான் பயந்தார்.'

எதிர்த்தரப்பிலும் ஓர் அப்பா இருப்பார் என்று இத்தனை வருடத்தில் தசரதன் நினைத்ததே இல்லை. மனுவோடு வெயிலில் நின்றிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுதார்.