கொசுவலைக்குள் குடைமிளகாய்

மொட்டைமாடியிலுள்ள தன் பசுமைக்குடிலுக்குள் நுழையுமுன் ராஜப்பன் வாசலின் இரும்புக் குழாயை இரண்டு தட்டுத் தட்டுவார். முப்பது வருடம் மட்டாஞ்சேரி வீடுகளின் கதவைத் தட்டி, "பாத்திரத்தெ மூடி வச்சுக்கோங்க, கொதுகு மருந்தடிக்கணும்" என்று சொல்லிப் பழகிய மாநகராட்சிக் கை. தட்டியதும் குடைமிளகாய்ச் செடிகளிலிருந்து வெள்ளை ஈக்கள் மாவு பறப்பதுபோல் எழும். வந்தவர் யாரென்று பார்த்துவிட்டு, பழையபடி இலைகளின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மரியாதை தெரிந்த பூச்சிகள்.

கொசு ஒழிப்பில் ஓய்வு பெற்றவருக்கு வலையைப் பற்றி யார் பாடம் நடத்த முடியும்? குடிலைச் சுற்றி முதல்தரக் கொசுவலையைத் தானே கட்டினார். இன்றுவரை அவருடைய செடி எதையும் கொசு கடித்ததில்லை. கொசுவில் கால்வாசிகூட இல்லாத வெள்ளை ஈ மட்டும் வலைக் கண்ணுக்குள் குனியாமல் நடந்து வந்தது. இலைகள் மஞ்சளாகிச் சுருண்டன. மேலெல்லாம் பிசுபிசுப்பு, அதன்மேல் கரும்பூசணம். பூக்கள் உதிர்ந்தன. தப்பிய காய்கள் எலுமிச்சை அளவோடு திருப்தியடைந்துவிட்டன. "இது சின்ன வெரைட்டியாக்கும்" என்பார் ராஜப்பன்.

குடில் நிற்பது அவர் மனைவி சரோஜம்மா துணி உலர்த்திவந்த இடத்தில். "விஷு அன்னிக்குக் கண்ணு முழிச்சதும் பாக்கற கணியில வைக்க நம்ம செடியிலேருந்து நல்லதா ஒரு காய் வேணும். இல்லேன்னா இதெல்லாம் பிரிச்சுப் போட்டு நான் கொடி கட்டிருவேன்" என்று கெடு வைத்திருக்கிறார். சொன்னால் செய்கிறவர். குடிலும் போய்விட்டால், காலையில் எழுந்து தட்டுவதற்கு ராஜப்பனுக்கு வேறு கதவில்லை.

வேளாண் அலுவலர் ஜிஷா வந்து பார்த்தார். "சேட்டா, இது கொதுகுவலையல்லே? ஈ உள்ளே கேறத்தான் செய்யும். மஞ்சள் அட்டையில விளக்கெண்ணெ தேச்சுத் தூக்குங்க. மஞ்சளெக் கண்டா வந்து ஒட்டிக்கும்."

"மோளே, மட்டாஞ்சேரிக் கொதுகு மொத்தமும் என்னெக் கண்டு பேடிச்சு ஓடினதாக்கும். நான் அட்டைக்கு எண்ணெ தேக்கணுமா?"

அந்த வீரக்கதையை ஜிஷா, முழங்கையில் கொசு கடித்த இடத்தைச் சொறிந்தபடியே கேட்டுக்கொண்டார்.

விஷுவுக்கு இன்னும் மூன்று வாரம். சரோஜம்மா இப்போதே குடிலுக்கு வெளியே ஒரு கொடி கட்டி, முதல் துணியாகத் தன் புது மஞ்சள் நைட்டியை உலர்த்திவிட்டுக் கீழே போனார். பத்து மணிக்கு ராஜப்பன் சாயா கிளாசோடு மேலே வந்தபோது நைட்டியின் முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். வலைக் கண் வழியே வந்த ஈக்கள், வெளியேயும் போகத் தெரிந்தவை. சாயா ஆறும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு மாடிப்படியில் காது கொடுத்து, அடுக்களையில் குக்கர் சத்தம் கேட்பதை உறுதிசெய்துகொண்டார். கதவுக் கீலுக்கு விடுகிற விளக்கெண்ணெய்ப் புட்டியையும் நைட்டியையும் எடுத்துக்கொண்டு, முதல்முறையாகக் குழாயைத் தட்டாமல் குடிலுக்குள் நுழைந்தார். செடிகளுக்கு நடுவே அதை விரித்துத் தொங்கவிட்டு, கழுத்திலிருந்து தொடங்கி, ஓரிடம் விடாமல் எண்ணெய் தேய்த்தார்.