இறக்கிவிடாத குழந்தை

ஆபீஸ் குவார்ட்டர்ஸில் வீடு கிடைக்கவில்லை என்று என் மனைவியிடம் பொய் சொன்னேன். கிடைத்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்தான். எழுபதுகளின் நடுவில் நடந்த இதை இதுவரை அவளைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னீஷியன் வேலை. கடப்பாக்கத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் அப்பா விட்டுப்போன மண்சுவர் ஓட்டு வீடு. அங்கிருந்து தினமும் ஸ்டாஃப் பஸ்ஸில் போய்வந்தேன். மகள் பிறந்த வருஷம் நல்ல மழை. மழை விட்டதும், வேர்க்கடலை மூட்டை அடுக்கும் பின்னறையின் மூலையில் கறையான் புற்று கிளம்பியது. முதலில் கைப்பிடி மண்தான். பொங்கலுக்குள் இடுப்பு உயரம் வந்துவிட்டது.

எங்கள் பக்கம் புற்றை யாரும் இடிப்பதில்லை. அம்மன் தானாக வந்து உட்கார்ந்துவிட்டாள் என்பார்கள். முதல் வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அத்தை மட்டும் மஞ்சளும் பாலும் கொண்டுவந்தாள். அடுத்தடுத்த வெள்ளிகளில் தெருவே வந்தது. பின்னறைக்குப் போக எங்கள் சமையற்கட்டைத் தாண்ட வேண்டும். அடுப்பில் சோறு கொதிக்கும். பக்கத்தில் முட்டையோடு வரிசை நிற்கும். ஒரு நாள் புற்றோரம் நல்லபாம்பின் சட்டை கிடந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு துண்டு கிள்ளிப் போனார்கள்.

மகள் அப்போது தவழத் தொடங்கியிருந்தாள்.

“கொழந்தய எங்கங்க எறக்கி வுட்றது?” என்றாள் மனைவி. “குவார்ட்டர்சு கேட்டீங்களே, இன்னா ஆச்சு?”

“குடுக்கலன்னுட்டாங்க.”

நான் பி.எஸ்சி. படித்தவன். பக்தியால் அப்படிச் செய்திருந்தாலாவது ஒரு காரணம் இருந்திருக்கும். எனக்கு வேறொன்று பிடித்துப்போயிருந்தது. அதுவரை என்னை ஒரு பொருட்டாக நினைக்காத பெரியவர்கள் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “தம்பி, உள்ள வரலாமா?” என்று கேட்டார்கள். டீக்கடையில் பெஞ்சை விட்டு எழுந்து இடம் கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸில் நான் யார்? வரிசையில் ஒரு வீட்டுக்காரன்.

பஸ்ஸில் நண்பன் ஒருவன் கிண்டல் செய்வான். “இன்னா மச்சான், பகல்ல அணு, சாயந்தரம் அம்மனா? எனக்கும் ஒரு பிட்டு மஞ்ச எடுத்தாயேன்.” நானும் சிரிப்பேன்.

மனைவி உத்தரத்தில் புடவையைக் கட்டித் தூளியாக்கினாள். குழந்தை பகலெல்லாம் அதில்தான். விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து அழுவாள். சாப்பாடும் அதற்குள்ளேயே. அவளுடைய உள்ளங்காலில் மண் ஒட்டி நான் பார்த்ததே இல்லை. எனக்கும் பயம் இருந்தது. செருப்புக்குள் கையை விடுமுன் தட்டுவேன். பானை மூடியைத் தள்ளி நின்று திறப்பேன். ஆனாலும் தூளி உயரத்தில்தானே இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் காலை ஷிப்ட் முடிந்து வந்தேன். மனைவி கிணற்றடியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் துணி அலசிக்கொண்டிருந்தாள். உள்ளே தூளி காலியாகத் தொங்கியது. புடவை முடிச்சுக்கு மேல், உத்தரத்தின் மேல், ஏதோ வெள்ளையாக ஆடியது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். பாம்புச் சட்டை. முழுசு. தலைப்பக்கம் தூளிக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் தொங்கியது.

இறங்கினேன். அவள் பார்ப்பதற்குள் அதைச் சுருட்டி டிபன் கேரியரில் திணித்தேன். மூடும்போது அவள் வாசற்படியில் நின்றாள்.

“அத நான் நேத்தே பாத்துட்டேன்” என்றாள்.

“ஏன் சொல்லல?”

“சொன்னா இன்னா பண்ணுவீங்க? தூளிக்கும் சேத்து கற்பூரம் கொளுத்துவாங்க. நீங்க தட்ட புடிச்சிகினு நிப்பீங்க.”

அப்போதுதான் அவள் தோளைக் கவனித்தேன். ஒரு பக்கம் வீங்கியிருந்தது. நேற்றிலிருந்து குழந்தையை அவள் தூளியில்கூட விடவில்லை. ராத்திரி சுவரில் சாயாமல் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். பக்கத்தில்தான் நான் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

அங்கேயே சொல்லிவிட்டேன். குவார்ட்டர்ஸ் கிடைத்ததையும், வேண்டாம் என்றதையும், ஏன் என்பதையும். அவள் திட்டுவாள் என்று நின்றேன்.

“அப்போ வூடு இருந்துச்சு” என்றாள். அவ்வளவுதான். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

அன்றே இருவரையும் செங்கல்பட்டில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மறுநாள் ஆபீசில் போய்க் கெஞ்சினேன். விட்ட இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. அடுத்தது கிடைக்க ஆடி மாதம் ஆயிற்று. அதுவரை அம்மா வீட்டிலும் மனைவி குழந்தையைத் தரையில் விடவில்லை. அப்பாவின் வீட்டை ஊருக்கே எழுதிக் கொடுத்தேன். இன்று அது சிறிய கோயில். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

குவார்ட்டர்ஸில் வழுவழுவென்று சிமென்ட் தரை. முதல் நாள் எல்லா அறையிலும் நானே முழங்காலால் தவழ்ந்து மூலை மூலையாகத் தடவிக் காட்டினேன். “பாரு, ஒண்ணுமில்ல. எறக்கி வுடு.” அவள் இறக்கிவிட்டாள். தரை காலில் பட்டதும் மகள் வீறிட்டு, கால்களை மடக்கிக்கொண்டு தாயின் புடவையைப் பற்றி ஏறினாள். அவள் நடக்க இரண்டு வயது தாண்டியது.

பொய்யைப் பற்றி மனைவி பிறகு ஒரு நாளும் பேசவில்லை. ஆனால் நான் பள்ளியில் சீட்டு இல்லை என்று சொன்னால், தானே போய் விசாரித்துவிட்டு வருவாள். டாக்டர் பயமில்லை என்றார் என்றால், மறுநாள் அவரிடமே போய்க் கேட்பாள்.

மகள் கல்யாணமாகிப் போய் வெகுகாலமாகிறது. இன்றும் விளக்கு வைத்ததும் நான் டார்ச் அடித்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்து, “ஒண்ணுமில்ல” என்கிறேன். மனைவி என் கையிலிருந்து டார்ச்சை வாங்கி, முட்டிவலியோடு, தானே குனிகிறாள்.