நாலு போத்தல் தண்ணீர்

எங்கள் காருக்குள் எந்தச் சாமான் எங்கே இருக்க வேண்டும் என்று ஒன்பது வயதில் சட்டம் போட்டவள் நான். சொன்னால் இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தச் சட்டத்தை ஒரேயொரு நாள் மீறியதால் என்ன நடந்தது என்று கேட்டபிறகு எவரும் சிரிப்பதில்லை.

கார் வரும்வரை நாங்கள் இணுவிலில் மோட்டார் சைக்கிள் குடும்பம். அப்பா ஓட்டுவார், அம்மா பின்னால் ஒருபக்கமாக இருப்பார், நான் முன்னால் பெற்றோல் தாங்கியில் குந்திக்கொண்டு காற்றையெல்லாம் வாயால் குடித்தபடி போவேன். ஒரு ஆனி மாதம், முன்பின் கதையே இல்லாமல், அப்பா பழைய யப்பான் கார் ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார். ஏனப்பா கார் என்று கேட்டேன். "பிள்ளை வளர்ந்திட்டீர். இனி மோட்டச்சைக்கிளிலை இடம் காணாது" என்றார். உடனே போய்ச் சுவரோடு நின்று என்னை அளந்து பார்த்தேன். உண்மைதான், இரண்டு விரல் உயர்ந்திருந்தேன். எனக்காக ஒரு காரே வாங்கிவிட்டார்கள் என்ற பெருமையில் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் காரின் முன் சீற்றுக்கு எதிரே மூடியோடு ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதைத் திறந்தபோது உள்ளே ஒரு தடித்த புத்தகம். காரை எப்படிப் பாவிப்பது என்று சொல்கிற புத்தகம்தான், ஆனால் முழுக்க யப்பான் எழுத்து. அப்பா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு என்னிடம் தந்துவிட்டார். எனக்கு எழுத்து எதற்கு? படம் இருந்தது. ஒரு படத்தில் போத்தல் ஒன்று உருண்டு ஓட்டுகிறவரின் காலடிக்குள் போகிறது, அதன்மேல் சிவப்புக் கோடு. இன்னொன்றில் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள மேடையில் ஒரு பை, அங்கிருந்து ஆளின் முகத்துக்கு ஒரு அம்புக்குறி, அதன்மேலும் சிவப்புக் கோடு. மூடி திறந்து கிடந்த பெட்டியில் முழங்காலை அடித்துக்கொண்டு ஒருவர் வாயைக் கோணுகிறார். பின் சீற் சாய்மானத்துக்கு மேலால் சாமான் அடுக்கினாலும் சிவப்புக் கோடுதான். யப்பான்காரன் சும்மா கோடு போடமாட்டான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

வயிறு பெருத்த ஒரு பெண்ணின் படமும் அதில் இருந்தது. நன்றாகச் சாப்பிடுகிற பெண் போல என்று நினைத்தேன். அவள் சீற் பெல்ற்றை வயிற்றுக்கு மேலால் போடாமல் கீழே இறக்கிப் போட்டிருந்தாள். அதையும் அம்மாவிடம் காட்டி, இனி நீங்களும் இப்படித்தான் போடவேண்டும் என்றேன். அம்மா அந்தப் பக்கத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஓம் பிள்ளை, நீங்கள் சொன்னால் சரி" என்றார். அதன்பின் ஒருநாளும் அவர் அதைத் தவறவிட்டதில்லை. என் முதல் குடிமகள் அம்மாதான்.

இப்படியாக ஆட்சி தொடங்கியது. மூடிப் பெட்டிக்குள் காரின் கடதாசிகளும் டோர்ச் லைற்றும். இரண்டு முன் சீற்றுக்கும் நடுவே உள்ள பெட்டியில் அப்பாவின் கறுப்புக் கண்ணாடி. குடையும் பாரமான சாமான்களும் டிக்கியின் அடித்தட்டில். கதவுகளில் இருக்கும் பைகளில் ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், மூடி இறுக்கி. புறப்படமுன் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு மூடியாகத் தட்டிப் பார்ப்பேன். அப்பா காரைக் கிளப்பும் திறப்பில் கையை வைத்துக்கொண்டு, "கொண்டக்டர், போகலாமோ?" என்று கேட்பார். நான் "ரைற்" சொல்லாமல் கார் அசையாது. எனக்கு வேறென்ன வேண்டும்?

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சந்நிதி முருகன் கோயிலுக்குப் போவதென்று முடிவானது. புதுக்காருக்கு அர்ச்சனை என்று எனக்குச் சொன்னார்கள். மானிப்பாயிலிருந்து பெரியம்மாவும் வந்து சேர்ந்தார். பெரியம்மா அம்மாவின் மூத்த அக்கா. அவர் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டாலே அப்பா கதிரையை விட்டு எழும்பி நிற்பார். அவர் சொன்னதற்கு மறுசொல் சொன்னவர்கள் எங்கள் குடும்பத்தில் அதுவரை பிறக்கவில்லை.

அன்று நாலு பேர், முன்னால் அப்பாவும் பெரியம்மாவும், பின்னால் அம்மாவும் நானும். நாலு போத்தல் வைத்தேன். அம்மாவின் முன்னால் இருந்த சீற் பைக்குள் ஒரு பொலித்தீன் பையும் மடித்து வைத்தேன். ஏனென்றால் அம்மாவுக்கு அந்த நாட்களில் காரில் ஏறினால் சத்தி வரும். அதற்குக் காரணம் டிக்கி என்பது என் முடிவு. போன கிழமை வல்வெட்டித்துறைச் சினேகிதர் ஒருவர் அப்பாவுக்குக் கருவாடு கட்டிக் கொடுத்திருந்தார். இரண்டு தரம் கழுவியும் அந்த மணம் போகவில்லை. பாவம் அம்மா, அந்த மணந்தான் வயிற்றைப் புரட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா அன்றைக்கு ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்று, கும்பிடாத குறையாக இறங்கி ஏறினார். கோயிலில் ஐயர் பேர் நட்சத்திரம் கேட்டபோது அம்மா அவர் காதுக்குக் கிட்டப் போய் நெடுநேரம் ஏதோ சொன்னார். ஒரு காருக்கு இவ்வளவு நட்சத்திரமா என்று நினைத்துக்கொண்டு நான் தூணைச் சுற்றி வந்தேன்.

வில்லங்கம் திரும்பி வரும்போதுதான். அர்ச்சனைத் தட்டில் உடைத்த தேங்காய்ப் பாதிகள் இரண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை, பூ, ஒரு பெரிய விபூதிப் பொட்டலம். இதை எங்கே வைப்பது?

"டிக்கியிலை வைப்பம்" என்றார் அப்பா.

"என்ன கதை கதைக்கிறியள் தம்பி! மச்சம் வைச்ச இடத்திலை பிரசாதமோ?" என்றார் பெரியம்மா.

"அப்ப கீழை, சீற்றுக்குப் பக்கத்திலை வையுங்கோவன்" என்றேன் நான்.

"கால் படுற இடத்திலையோ? சிவசிவா!"

மடியில் வைத்திருக்கவும் அவரால் முடியாது. கார் ஓடத் தொடங்கினால் பெரியம்மாவின் இரண்டு கைகளும் யன்னலுக்கு மேலே இருக்கும் பிடியைத்தான் பிடித்திருக்கும். கடைசியில் சாமிக்குரியது உயரத்தில் இருக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, தட்டைத் தூக்கி முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள மேடையில் வைத்தார். விபூதிப் பொட்டலத்தையும் கும்பிட்டுவிட்டு அதன்மேல் வைத்தார்.

சிவப்புக் கோடு! "பெரியம்மா, அதிலை வைக்கக்கூடாது. புத்தகத்திலை இருக்கு. அம்பு வந்து முகத்திலை படும்" என்றேன்.

"எந்தப் புத்தகம்?"

"யப்பான் புத்தகம்."

"யப்பான்காரன் சந்நிதிக்கு வந்து அர்ச்சனை செய்தவனே? வாயை மூடிக்கொண்டு இரும் பிள்ளை. ஒன்பது வயசிலை உமக்கு உந்தக் கதை!"

அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, விடு பிள்ளை என்று கண்ணால் கெஞ்சினார். "ரைற்" சொல்லமாட்டேன் என்று உதட்டை இறுக்கிக்கொண்டேன். நான் சொல்லாமலே கார் புறப்பட்டுவிட்டது. அந்த அவமானத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. என் ஆட்சி அவ்வளவுதான், இனிப் பெரியம்மா வரும் நாளெல்லாம் இப்படித்தான் என்று நினைத்து, பின் சீற்றில் இருந்தபடி அந்தத் தட்டையே முறைத்துக்கொண்டு வந்தேன். முறைத்துக்கொண்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அச்சுவேலி தாண்டி இரண்டு பக்கமும் செம்மண் வெங்காயத் தோட்டம். றோட்டு இடதுபக்கம் வளைகிறது. அப்பா வளைத்தார். தட்டு மெல்ல வலதுபக்கம் நகர்ந்தது. பிறகு ஒரே வழுக்காக வழுக்கி ஸ்ரேறிங்கில் இடித்துக் கவிழ்ந்தது. விபூதிப் பொட்டலம் வெடித்தது. வாழைப்பழம் அப்பாவின் மடியில். ஒரு தேங்காய்ப் பாதி எங்கோ போனது. மற்றது கவிழ்ந்தபடி அவருடைய காலடிக்குள் போனதை நான் என் கண்ணால் கண்டேன்.

அதேநேரம் முன்னால் வெங்காய மூட்டை ஏற்றிய ஒரு லாண்ட் மாஸ்டர் உழவு யந்திரம் இழுவைப் பெட்டியோடு றோட்டில் நின்றது. அப்பா பிறேக்கை மிதித்தார். பிறேக் பாதி இறங்கி அப்படியே நின்றது. மிதிக்குக் கீழே சிரட்டையோடு தேங்காய்! அப்பா குனிந்து பார்க்கிறார், கார் போய்க்கொண்டே இருக்கிறது, பெரியம்மா "முருகா" என்று கத்துகிறார்.

"அப்பா, தேங்காய்! கை பிறேக்கை இழுங்கோ! கை பிறேக்!"

என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. அப்பா கையால் பற்றி இழுத்தார். கார் கிறீச்சென்று ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. முன்னால் நின்ற வெங்காய மூட்டையில் எத்தனை தையல் என்று எண்ணலாம், அவ்வளவு கிட்ட.

பிறகு பெரியம்மா திரும்பினார். தலை, மூக்கு, சட்டை, சங்கிலி எல்லாம் விபூதி. அதைத் துடைக்கக்கூட நினைக்காமல், "தங்கச்சி, வயித்திலை ஏதும் பட்டதே? சொல்லடி, பட்டதே?" என்று கேட்டார். அம்மா ஒரு கையால் என்னை அணைத்து, மற்றக் கையை வயிற்றின்மேல் வைத்திருந்தார். பெல்ற் வயிற்றுக்குக் கீழே, படத்தில் உள்ளபடியே, இறுக்கிப் பிடித்திருந்தது. "இல்லை அக்கா. ஒண்டும் இல்லை" என்றார்.

தேங்காய் பறந்து வந்து அம்மாவின் வயிற்றில் பட்டதா என்றுதான் பெரியம்மா கேட்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். எனவே அதிகாரி நானே பதில் சொன்னேன். "பின்னுக்கு ஒண்டும் வரேல்லைப் பெரியம்மா! நான் வைச்ச போத்தல் நாலும் வைச்ச இடத்திலையே இருக்கு, பாருங்கோ!"

பெரியம்மா பார்த்தார். போத்தலை அல்ல, என்னை. பிறகு பொலபொலவென்று அழத் தொடங்கினார். விபூதியில் கண்ணீர் இரண்டு கோடாக ஓடியது. தோல்வியை இவ்வளவு மரியாதையாக ஒருவர் ஒப்புக்கொண்டு நான் கண்டதில்லை.

லாண்ட் மாஸ்டர்காரர் இறங்கி வந்து யன்னலால் எட்டிப் பார்த்தார். "என்னணை அம்மா, காருக்குள்ளையே அபிஷேகமோ?" என்றார். முதலில் அம்மாதான் சிரித்தார். பிறகு எல்லோருக்கும் அடக்க முடியவில்லை, பெரியம்மாவும் சிரித்துக்கொண்டே அழுதார்.

தேங்காயைப் பொறுக்கி எடுத்தாயிற்று. திரும்பவும் அதே கேள்வி, எங்கே வைப்பது? இம்முறை பெரியம்மா தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு என்னிடம் கேட்டார். "பிள்ளை, நீரே சொல்லும்."

அந்த ஒரு வசனத்துக்காக நான் இன்னும் பத்துத் தேங்காயைத் தாங்குவேன்! காரை விட்டு இறங்கி, மூடிப் பெட்டியைத் திறந்து, கடதாசிகளையும் டோர்ச் லைற்றையும் பின்னால் இருந்த சீற் பைக்கு மாற்றினேன். உள்ளே துடைத்து வெற்றிலையைப் பரப்பினேன். ஒரு பாதிக்குள் மறுபாதியை அடுக்கி, வாழைப்பழத்தையும் பூவையும் பக்கத்தில் வைத்து, மூடியைச் சாத்தித் தட்டிப் பார்த்தேன். "காலும் படாது, மச்சமும் இல்லை, கதவும் இருக்கு" என்றேன்.

பெரியம்மா மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இனிமேல் உந்தக் காருக்குள்ளை பிள்ளை சொல்லுறதுதான் சட்டம். தம்பி, கேட்டியளே?" என்றார். அப்பா திறப்பில் கையை வைத்துக்கொண்டு திரும்பினார். "கொண்டக்டர், போகலாமோ?"

கொஞ்சம் காக்க வைத்தேன். வைக்கத்தானே வேண்டும்? பிறகு வயிறு நிறையக் காற்றை இழுத்து, அச்சுவேலிச் சந்திக்கே கேட்கும்படி "ரைற்!" என்றேன்.

அதற்குப் பிறகு என் கொடிதான் பறந்தது. கலியாணமோ கோயிலோ, எங்கள் ஆட்கள் எந்தக் காரில் ஏறினாலும் பெரியம்மா வாசலில் நின்று, பிள்ளையைக் கேட்டு வையுங்கோ என்று உத்தரவு போடுவார். மானிப்பாயில் அவருடைய அயலட்டை எல்லாம் முன்மேடையில் ஒரு பூக்கூட வைக்கப் பயந்தது. அடுத்த தை மாதம் தம்பி பிறந்தான். வீட்டுக்கு அவனைக் கூட்டி வந்த அன்று குழந்தைச் சாமான்களை அடுக்கியதும் நான்தான்.

பதினாலு வயதில் ஒருநாள், சும்மா இருந்தபோது, தை மாதத்திலிருந்து பின்னுக்கு விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மார்கழி, கார்த்திகை, ஐப்பசி என்று போய், நாங்கள் சந்நிதிக்குப் போன ஆடியில் கை நின்றது, ஆறே மாதம். எழும்பிப் போய், குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். எனக்கும் தம்பிக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனதாகவும், ஊர் வாயால் வரும் நாவூறுக்குப் பயந்து இந்த முறை பெரியம்மாவைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை என்றும் அம்மா சொன்னார். கார் என் இரண்டு விரல் வளர்த்திக்காக வந்ததல்ல என்பதும், அந்த யப்பான் பெண் ஏன் பெல்ற்றை அப்படிப் போட்டாள் என்பதும், பெரியம்மா எதற்காக அழுதார் என்பதும் அந்தக் குசினி வாசலில் நின்றபோது ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு விளங்கின. நானும் அழுதேன், பெரியம்மாவைப் போலவே, கொஞ்சம் சிரித்துக்கொண்டு.

அன்றைக்கு நாலு பேர் என்று எண்ணி, நாலு போத்தல் வைத்து, எல்லாம் சரி என்று நான்தான் கதவைச் சாத்தினேன். காருக்குள் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேரும் வீடு வந்து சேர்ந்தோம்.