தடியனும் என் வலது கையும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் என்னால் என் மருமகன் தோற்றுக்கொண்டே இருந்தார். அது எனக்குத் தெரியவே பல நாள் ஆனது.

நான் இராஜபாளையத்துக்காரன். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலை. படிப்பு எட்டாவதோடு சரி. போன வருஷம் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், கை என் சொல்லைக் கேட்கவில்லை. பக்கவாதம். கர்த்தருடைய கிருபை, வாய் கோணவில்லை, கால் நடையும் சீக்கிரம் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் மடங்கிய விரல்களோடு நின்றுவிட்டது. கட்டைவிரல் ஒன்றுதான் கொஞ்சம் அசையும்.

பிசியோதெரபி பார்க்கிற ஆஸ்பத்திரி மகள் வீட்டுக்குப் பக்கம். அதனால் மகள் வந்து என்னையும் என் மனைவியையும் கூட்டிப்போய் வைத்துக்கொண்டாள். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மருமகன் வீட்டில் நாள்கணக்கில் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. கிளம்பும்போது தறி முதலாளி சொல்லியனுப்பியது வேறு காதில் இருந்தது.

“அண்ணாச்சி, கிறிஸ்மஸ் வரைக்கும் ஒங்க தறிகளை நெரந்தரமா யாருக்கும் குடுக்க மாட்டேன். அதுக்குள்ள கை வந்துட்டா நேரா வந்து நில்லுங்க.”

வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பேண்டேஜ் துணியின் நூல் தலைமுடி மாதிரி இருக்கும். அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போடத் தெரியாத விரலுக்குத் தறியில் வேலை கிடையாது. அதனால் காலையிலும் ராத்திரியிலும் என் ஜெபம் ஒன்றாகவே இருந்தது. ஆண்டவரே, இந்தக் கைக்குப் பெலன் தாரும்.

மருமகன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். சாயங்காலம் வேலை முடிந்து டீ குடித்ததும் டிவியில் ஒரு சண்டை விளையாட்டு ஆடுவார். இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்வார்கள். மேலே ஆளுக்கொரு கோடு. அடி வாங்க வாங்கக் கோடு குறையும். முழுக்கத் தீர்ந்தால் தோல்வி. நான் அறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் மருமகன் எழுந்து நிற்பார், “வாங்க மாமா” என்பார். டிவியில் அவருடைய ஆள் உதை வாங்கி விழுந்துகொண்டிருப்பான். பாவம், இவருக்கு ஆட்டம் அவ்வளவாக வராதுபோல என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் மகள் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “யப்பா, நீங்க வெளிய வந்தாலே அவரு தோத்துருதாரு.”

“நான் என்னட்டி செஞ்சேன்?”

“நீங்க வரையில எந்திச்சி நிக்காருல்ல. அது நிப்பாட்டி வைக்க முடியாத ஆட்டம். எதிர்ல ஆடுதவன் வேற ஏதோ ஊர்ல இருக்கான். அவனுக்கு மாமனாரு வந்ததெல்லாம் தெரியுமா?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து உள்ளேயே இருந்து காது கொடுத்துக் கேட்பேன். ஆட்டம் முடிந்தால் டிவியில் ஒரு மணிச்சத்தம் வரும், அதன் பிறகுதான் பாத்ரூமுக்குக்கூடப் போவேன். இரண்டு நாள் இந்தக் கூத்தைப் பார்த்த என் மனைவி பொறுக்கமாட்டாமல் சொன்னாள்.

“அடக்கிக்கிட்டு உக்காந்து அடுத்த வியாதிய இழுத்துக்கிடாதீங்க. அவரு ஆடத் தொடங்கதுக்கு முந்தியே போயி உக்காந்துக்கிட்டா அவரு எதுக்கு எந்திக்கப் போறாரு?”

அப்படித்தான் நான் அந்த விளையாட்டைப் பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மருமகனுக்கும் பக்கத்தில் மாமனார் இருப்பது கூச்சம். நாலைந்து நாளில் அது போனது. ஆஸ்பத்திரியில் கையில் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு நான் சலித்துப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒருநாள் மருமகன் ஆட்டத்துக்கான இன்னொரு கன்ட்ரோலரை நீட்டினார்.

“மாமா, தப்பா நெனைக்காதீங்க. பந்தை அமுக்கதுக்குப் பதிலா இதை அமுக்கலாம்ல. பிசியோதெரபி டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன். தாராளமா ஆடட்டும்னாவ.”

எனக்குத் தெரியாமல் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். பெற்ற மகன் இல்லாத எனக்கு அதை இப்போது எழுதும்போதும் நெஞ்சு நிறைகிறது.

யாரை வைத்து ஆடுவது என்பதில் ஒரு பிரச்சினை. எல்லாரிலும் பலமானவன் என்று மருமகன் காட்டிய ஆளுக்குத் தலையில் கொம்பு. “கொம்பு வச்சவன் வேண்டாம் மாப்பிள்ளை, செத்த நேரத்துல ஜெபத்துல உக்காரணும்” என்றேன். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகத் தள்ளினார். அரைகுறை உடுப்போடு நின்ற பெண்பிள்ளைகளை நானே வேண்டாமென்றேன். மிச்சம் இருந்தவர்களில் ஒருவன் மலை மாதிரி உடம்பு, முழங்கால் வரைக்கும் தொங்குகிற கை. வாயில் நுழையாத ஒரு பெயர் அவனுக்கு. நாங்கள் தடியன் என்றோம்.

“இவன் மெதுவாத்தான் மாமா நடப்பான். ஆனா கை நீளம். இந்த ஒரு பட்டனை மட்டும் அமுக்கினாப் போதும், நீட்டி ஒரு அடி அடிப்பான். ஒங்க கட்டைவிரலுக்குச் சரியா இருப்பான்.”

இடது கையால் முன்னே பின்னே நடத்துவது, வலது கட்டைவிரலால் ஒரே ஒரு பட்டன். தடியனும் நானும் சேர்ந்து வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. எதிராளி எழுந்த உடனே அமுக்குவேன், தூரத்தில் நிற்கும்போதும் அமுக்குவேன். அடுப்படியிலிருந்து மகள் கேட்பாள். “யப்பா, இன்னைக்காவது அவனுக்கு உசுரு இருக்கா?”

அப்போதுதான் மருமகன், தடியனை வைத்து ஆடுகிற கைதேர்ந்தவர்களின் ஆட்டங்களைப் போட்டுக் காட்டத் தொடங்கினார். எந்தெந்த நாட்டுக்காரர்களோ. பேச்சு புரியாது, அதனால் சத்தத்தைக் குறைத்துவிடுவோம். “ஜெயிக்கவனப் பாக்காதீங்க மாமா. எத்தன தடவ சும்மா நிக்கான்னு பாருங்க” என்றார்.

பார்த்தேன். ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தேன். ஒன்று எனக்குக் குழப்பமாகவே இருந்தது. அந்தக் கெட்டிக்காரர்களின் தடியன் அவ்வப்போது வெறும் காற்றில் கையை நீட்டுவான். எதிராளி எட்டத்தில் நிற்பான், இவன் அடி யார்மேலும் படாது.

“இது தப்பு அடிதான மாப்பிள்ளை? நான் அடிக்க மாதிரித்தான் இருக்கு.”

“இல்ல மாமா. இதுக்கு மேல கிட்ட வராதன்னு கோடு போட்டுக் காமிக்கான். பட்டுச்சா படலையாங்கிறது பெருசில்ல.”

அதன் பிறகு பார்த்தால் எதிராளி அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நின்று தவிப்பான். தடியன் அரை அடி பின்னால் போவான். எதிராளி தைரியம் வந்து பாய்ந்து ஓங்குவான். அடி தவறும். தவறிய கையை அவன் திரும்ப இழுப்பதற்குள் தடியனின் நீளக்கை போய் விழும். அந்த ஒரு அடியில் மேலே அவனுடைய கோடு பெரிதாகக் குறையும். முழு ஆட்டத்திலும் தடியன் கொஞ்சம்தான் அடித்திருப்பான். மிச்ச நேரமெல்லாம் நடை, நிற்பு, தடுப்பு. ஓடுகிற தறியை நான் பார்க்கிற பார்வையும் அப்படித்தான். ஒன்றும் செய்யாமல் நிற்பதாகத்தான் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

புத்தியில் எல்லாம் ஏறிவிட்டது. எதிராளியின் தோள் இறங்கினால் இப்போது ஓங்கப்போகிறான் என்று எனக்கே தெரியும். “இப்ப” என்று வாய் சொல்லும். ஆனால் கட்டைவிரல் பட்டனிலேயே ஒட்டிக்கொள்ளும். அமுக்கிய விரல் எழும்பாது, எழும்பாத விரல் மறுபடி எப்படி அமுக்கும்? மற்ற விரல்களும் கூடவே மடங்கி, கன்ட்ரோலரைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண்ணும் அதைத்தான் சொன்னாள். “இறுக்காதீங்க, விடுங்க.” விடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே கடைகளில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் தொங்கத் தொடங்கியிருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை காலையில், எங்கள் வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு வர மருமகனும் நானும் இராஜபாளையம் போனோம். திரும்பும்போது, “மாமா, இங்க ஒரு இடம் இருக்கு. நம்ம தடியனை வச்சு ஆடுத ஆளு ஒண்ணு வரும். நேர்ல பாத்துட்டுப் போவோமா?” என்றார்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடை மாடி. வரிசையாக டிவி, முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், இளவட்டங்கள். வேட்டி கட்டிய ஒரே ஆள் நான்தான். “ஏலே, தாத்தாவுக்கு சேரை விடுல” என்று ஒருவன் அடுத்தவனை எழுப்பிவிட்டான்.

மருமகன் சொன்ன ஆள் ஒரு காலேஜ் பிள்ளை. கழுத்தில் காலேஜ் அட்டை, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே மில் வேலைக்குப் போகிற ஒரு பையன். அவனுடைய ஆள் குரங்கு மாதிரித் தாவுகிறவன். அவளுடைய தடியன் அசையவே இல்லை.

“ஏலே, இவா அடிக்கவே மாட்டேங்காலே. தூங்கிட்டாளா?” என்றான் பின்னால் நின்றவன்.

“கிட்ட வந்து எழுப்பச் சொல்லு” என்றாள் அவள், திரும்பாமல்.

மில் பையனுக்குச் சுருக்கென்றது. பாய்ந்தான். தடியன் அரை அடி பின்னால் போனான், கை போய் விழுந்தது. இன்னும் இரண்டு தரம் அப்படியே. பையன் தோற்றான்.

“முழிச்சிட்டேன். அடுத்து யாரு?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், தோற்றவனும்.

ஆனால் அடுத்த ஆட்டத்தில் என் கண் டிவியில் இல்லை. வீட்டில் பார்த்த ஆட்டங்களில் ஆடுகிறவர்களின் கை தெரியாது. இங்கே கை எனக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பிள்ளையின் கன்ட்ரோலர் மடியில் கிடந்தது. விரல்கள் அதன்மேல் சும்மா சாய்ந்திருந்தன. கட்டைவிரல் பட்டனைத் தொடவில்லை, மேலே நின்றது. டிவியில் தடியனின் கை நீண்டபோது அந்த விரல் தொட்டுவிட்டு, தொட்டதே தெரியாமல் பழைய இடத்துக்குப் போனது. தடியனின் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட அந்தக் கையில் இல்லை.

“தாயி, ஒனக்குக் கை வலிக்காதா?” என்று கேட்டேன்.

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். என் மடங்கிய கையையும் பார்த்தாள். “எதுக்கு தாத்தா வலிக்கணும்? நான் எங்க அமுக்குதேன்? சும்மால்லா வச்சிருக்கேன்.”

பஸ்ஸில் திரும்பும்போது மடியில் கிடந்த என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். இறுக்கிப் பிடித்தால் இழை அறுந்துபோகும், தாங்கினாற்போல் வைத்தால் நிற்கும் என்று தறியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருக்கிறேன். என் சொந்தக் கையை அப்படி வைக்க எனக்குத் தோன்றவில்லை. பெலன் தாரும், பெலன் தாரும் என்று மாதக்கணக்காகக் கேட்டேன். என் கைக்குக் குறைவாயிருந்தது பெலன் அல்ல. அதைச் செல்போன் கடை மாடியில் ஒரு பிள்ளையின் கையை வைத்துக் கர்த்தர் எனக்குக் காட்டினார். ஸ்தோத்திரம்.

அன்று சாயங்காலத்திலிருந்து நான் ஜெயிக்கப் பார்க்கவில்லை. கன்ட்ரோலரை மடியில் கிடத்தி, விரலை அதன்மேல் சாய்த்து, தடியனைச் சும்மா நடத்தினேன். விரல் இறுகினால் ஆட்டத்தை விட்டுவிட்டு மூச்சு விடுவேன். அடி விழும், விழட்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டைவிரல் எழும்பத் தொடங்கியது. பிறகு ஆள்காட்டி விரல். ஆஸ்பத்திரிப் பெண், “என்ன செஞ்சீங்க?” என்று கேட்டாள். சண்டை போட்டேன் என்றேன்.

ஒருநாள் மருமகனை ஜெயித்தும்விட்டேன்.

“விட்டுக் குடுத்தீகளா மாப்பிள்ளை?”

“சத்தியமா இல்ல மாமா.”

“சத்தியமெல்லாம் பண்ணக்கூடாது.”

“அப்ப லேசா விட்டுக் குடுத்தேன்” என்றார். மகள் அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் தறிக்கூடத்துக்குப் போய் நின்றேன். முதலாளி இழை அறுந்து நின்ற ஒரு தறியைக் கண்ணால் காட்டினார். எல்லாரும் வேலை பார்ப்பதுபோல் என்னையே பார்த்தார்கள். நூலைப் பிடித்தேன். விரல் இறுகப் பார்த்தது. கையை இறக்கி, சும்மா வைத்திருந்து, மறுபடி எடுத்தேன். முதல் முடிச்சு நழுவிவிட்டது. இரண்டாவது நின்றது. தறியை ஓட்டினேன். முடிச்சு துணிக்குள் போய் மறைந்தது.

“ரெண்டு தறி பாருங்க அண்ணாச்சி. பொறவு பாப்போம்” என்றார்.

முன்பு நாலு தறி பார்த்தவனுக்கு இரண்டு தறிதான் இன்றைக்கும். மாலையில் கை கனத்துவிடும். போதும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மகள் வீட்டுக்குப் போனால் மருமகன் எழுவதில்லை. “உக்காருங்க மாமா, ஆட்டம் ஓடுது” என்று டிவியைப் பார்த்தபடியே நகர்ந்து இடம் விடுகிறார்.

ராத்திரி ஜெபத்தில் நன்றி சொல்லும்போது மகள், மருமகன், ஆஸ்பத்திரிப் பெண், முதலாளி என்று சொல்லி முடித்து, “பேரு தெரியாத அந்தப் பிள்ளைக்காகவும்” என்பேன். முதல் நாள் அதைக் கேட்ட என் மனைவி கண்ணைத் திறந்துவிட்டாள்.

“அது எந்தப் பிள்ளை?”

“தூங்கிட்டாளான்னு கேட்டானுவன்னு சொன்னேம்லா, அந்தப் பிள்ளை.”

அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, “ஆமென்” என்றாள்.