வள்ளலின் பின்பக்கத் தையல்

எங்கள் தெருவில் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். தைக்கும்போது உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்வியிருப்பாள்; அவற்றை எடுத்துவிட்டுப் பேசினாலும் குத்தும். புருஷன் போன பிறகு, அடுத்தவர் தையல்கடையில் அடுத்தவர் மெஷினை மிதித்து ஒற்றை மகளை வளர்த்தவள். சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் வீட்டு வாசலிலேயே பிழைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

அந்த ஆசையைத் தேடித்தான் நடிகர் வந்து சேர்ந்தார். சினிமாவில் ஒரே உதையில் பதினெட்டுப் பேரைப் பறக்கவிடுபவர். ஊர் ஊராகப் போய் ஏழைப் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுப்பார். கொடுக்கும்போது அந்தப் பெண்ணின் முன்னால் மண்டியிடுவார். அந்தப் படத்துக்காகக் கேமராக்காரர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறுவார்கள்.

குண்டூசிக்கும் மண்டியிட்டார். "இன்னும் கொஞ்சம் அழும்மா, கேமராவுக்குத் தெரியல" என்று மேனேஜர் அவளை மூன்று தடவை அழ வைத்தார். கூட்டம் கலைந்ததும் மெஷினை வேனில் ஏற்றினார்கள்.

"தம்பி, அது என்னோடதுப்பா."

"நாளைக்கு அடுத்த ஊர்ல ப்ரோக்ராம்மா. உங்களுக்கு அப்புறம் வரும்."

அப்புறம் வந்தது போஸ்டர்தான். சுவருக்குச் சுவர் குண்டூசி மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை விட்டெறிந்தாள்.

"அழுமூஞ்சி மகன்னு கூப்பிடுறாங்கம்மா. மெஷின் எங்கேடின்னு வேற கேக்குறாங்க."

குண்டூசி போய்த் தெருவில் இருந்த போஸ்டரையெல்லாம் கிழித்தாள். தன் வாசல் சுவரில் இருந்த போஸ்டரை மட்டும் கிழிக்காமல் விட்டாள். தினமும் காலையில் முகம் கழுவி, அதை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

மூன்று வருஷம் போயிற்று. நடிகரின் வயிறு அவர் புகழைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. மறுபடி இங்கே மெஷின் கொடுக்க வந்த அன்று, மேடைக்கு வைத்திருந்த வெள்ளைக் கால்சட்டை இடுப்பில் ஏற மாட்டேன் என்றது. மேனேஜர் கடைக்கு ஓடி வந்தார். குண்டூசியை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. அழாத முகத்தை அவர் எங்கே பார்த்தார்?

"அக்கா, ஒரு மணி நேரத்துல பெரிசாக்கிக் குடுங்க."

தையல்காரர்களிடம் ஓட்டுத்தையல் என்று ஒன்று உண்டு. அளவு பார்ப்பதற்காகக் கையால் நீள நீளமாக ஓட்டி வைப்பது. சும்மா நின்றால் தாங்கும், இழுபட்டால் பிரிந்துவிடும். அளவு சரியானதும் அதன்மேல் மெஷினை ஓட்ட வேண்டும். குண்டூசி பின்பக்கத்தைப் பிரித்தாள், உள்ளே மடித்திருந்த துணியை வெளியே விட்டாள், ஓட்டுத்தையல் போட்டாள். மெஷினை ஓட்டவில்லை. இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தாள்.

"நிமிர்ந்து நிக்கச் சொல்லுங்க. அழகா இருக்கும்." பொய் சொன்னாளா? இல்லையே!

மேடையில் மெஷின்களும் அவற்றை வாங்க வந்த பெண்களும் வரிசையாக நிற்க, நடிகர் முதல் பெண்ணின் முன்னால் மண்டியிட்டார். டர்ரென்று பின்பக்கத் தையல் பிரிந்த சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது. நம்பாதவர்கள் இரண்டு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடிகர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நண்டு மாதிரி நகர்ந்தார். "யாராவது தைக்கத் தெரிஞ்சவங்க வாங்க!" என்று மேனேஜர் மைக்கில் அலறினார்.

மகளோடு முன்வரிசையில் இருந்த குண்டூசி மேடை ஏறினாள். மேடையில் கட்டியிருந்த பேனர் துணியை அவிழ்த்து நடிகருக்குச் சுற்றிவிட்டு, கால்சட்டையைக் கையில் வாங்கிக்கொண்டாள். பேனரில் இருந்த 'வள்ளல்' என்ற எழுத்து சரியாகப் பின்பக்கம் போய் உட்கார்ந்தது.

"தைச்சிடலாம் சார்" என்று முன்னால் இருந்த மெஷின்மேல் கை வைத்தாள். "ஆனா இது என் மெஷின். மூணு வருஷமா உங்க வேன்ல சுத்துது."

"எடுத்துக்கம்மா, எடுத்துக்க!"

"மைக்குல சொல்லுங்க. அழுதுக்கிட்டே சொல்லுங்க."

சொன்னார். "இன்னும் கொஞ்சம் அழுங்க சார், கேமராவுக்குத் தெரியல" என்று மூன்று தடவை சொல்ல வைத்தாள். கேமராக்காரர்கள் ஒன்றையும் விடவில்லை. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மேடையில் இருந்த மற்றப் பெண்களும் சமயம் பார்த்து ஆளுக்கொரு மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

குண்டூசி கால்சட்டையைச் சுருட்டி மெஷின்மேல் வைத்தாள். மகள் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கமாகத் தூக்கினார்கள்.

"யம்மா, என் பேண்ட்!"

"நாளைக்கு எனக்கு வேற வேலை இருக்கு சார். உங்களுக்கு அப்புறம் வரும்."

இன்றும் அவள் வாசலில் அந்த மெஷின் ஓடுகிறது. அதற்கு எண்ணெய் துடைக்கிற வெள்ளைத் துணி நல்ல உசத்தித் துணி. எத்தனை தடவை துவைத்தாலும் நைவதில்லை.