மனு குறைந்த ஆபீஸ்

திண்டுக்கல் பேகம்பூரில் பக்ருதீனைப் 'பட்டாளத்து பாய்' என்று சொன்னால்தான் தெரியும். பர்மாச் சண்டையில் இடது காலில் குண்டுச் சிதறல் பாய்ந்து, நொண்டியபடி ஊர் திரும்பியவர். அண்ணன்மார் தோல் வியாபாரத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. 1952-இல் முன்னாள் சிப்பாய்களுக்கு உதவ, சர்க்கார் மானியத்தில் ஊரில் ஒரு சின்ன ஆபீஸ் திறந்தபோது அதில் குமாஸ்தாவாகச் சேர்ந்துகொண்டார்.

வெங்காய மண்டிக்குப் பின்னால் ஒற்றை அறை. பென்ஷன் பாதியில் நின்றுபோனவர்களும், காயத்துக்கு உரிய பணம் வராதவர்களும் ஆத்தூரிலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேருக்குக் கைநாட்டுதான். அவர்கள் சொல்லச் சொல்ல பக்ருதீன் மனு எழுதுவார். பதில் வராவிட்டால் மதுரைக்கு பஸ் ஏறிப்போய், பெரிய ஆபீசில் நின்று முடித்துக்கொண்டுதான் திரும்புவார்.

ஐந்தாறு வருஷம் கழித்து மேலதிகாரி ஒருவர் ஆபீசைப் பார்வையிட வந்தார்.

"இந்த வருஷம் மனுவே ரொம்பக் கம்மியா இருக்கே" என்றார்.

"பழசெல்லாம் முக்கால்வாசி முடிச்சாச்சுங்கய்யா. அதான்" என்றார் பக்ருதீன். பெருமையாகத்தான் சொன்னார்.

அடுத்த ஏப்ரலில் மானியம் நின்றது. மனுக்கள் குறைந்துவிட்டதால் இங்கே தனி ஆபீஸ் அவசியமில்லை, இனி மதுரைக்கே போகலாம் என்று உத்தரவு வந்தது.

"அரைகொறையாச் செஞ்சிருந்தீங்கன்னா இன்னும் நடந்துக்கிட்டு இருக்கும்" என்றாள் அவர் மனைவி காதர் பீவி.

முடியாமல் நின்ற சிலவற்றில் அய்யம்மாளுடைய மனுவும் ஒன்று. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கிற கூலிக்காரி. அவள் புருஷன் பெரியகருப்பன் லீவில் வந்து அவளைக் கட்டிக்கொண்டு, பட்டாளத்தில் அதைத் தெரிவிக்காமலே பர்மாவில் செத்துப்போனான். சர்க்கார் கணக்கில் அவனுக்கு மனைவியே கிடையாது. பக்ருதீன் அலைந்து திரிந்து, கல்யாணத்துக்கு வந்திருந்த பட்டாளத்துக் கூட்டாளி ஒருவனைக் கீரனூரில் கண்டுபிடித்து சாட்சி சொல்ல வைத்திருந்தார். அந்த நேரத்தில்தான் ஆபீசை மூடினார்கள்.

ஆனாலும் விடாமல் மதுரைக்குப் போனார். "உம்ம ஆபீசுதான் இல்லையே, நீர் யாரு? மனுதாரர் வரட்டும்" என்று திருப்பி அனுப்பினார்கள். அய்யம்மாள் போனாள். சாயங்காலம் வரை உட்கார வைத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த முறை வேறொரு குமாஸ்தா இருந்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

"பூவெடுக்கப் போகலேன்னா அன்னைக்கு உலை வைக்க முடியாது பாய். விட்டுருங்க" என்றாள் அவள்.

பக்ருதீன் கடைசியில் அண்ணன்மாரிடமே கணக்கெழுதப் போனார்.

1962-இல் சீனாச் சண்டை வந்தது. ஊரெல்லாம் கூட்டம், ஊர்வலம். பழைய ஆபீஸ் அறைக்கு வெள்ளையடித்துக் கொடி கட்டி, யுத்த நிதி வசூலித்தார்கள். நிதி வசூலுக்காக ஒரு விழாவும் ஏற்பாடானது. அதன் கமிட்டிக்காரர்கள் பக்ருதீனைத் தேடி வந்தார்கள்.

"மேடையில ஒரு வீரரோட சம்சாரத்துக்குச் சால்வை போத்தணும். ஒங்களுக்குத் தெரியாத ஆளா பாய்?"

பெரிய அதிகாரி வருகிறார் என்றார்கள். அவர் காதில் விழுந்தால் காரியம் நடந்துவிடும் என்று நம்பி, பக்ருதீன் நிலக்கோட்டைக்குப் போய் அய்யம்மாளை அழைத்து வந்தார்.

"பர்மாவில் வீரமரணம் எய்திய பெரியகருப்பனின் தர்மபத்தினி" என்று மைக்கில் சொல்லி, அதிகாரி சால்வை போர்த்தினார். கைதட்டல் அடங்கிய பிறகும் அய்யம்மாள் இறங்கவில்லை.

"அய்யா, நான் அவரு பொண்டாட்டின்னு இப்பச் சொன்னீகள்ல. அத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. ஆபீசுல இல்லேங்கிறாக."

மைக் அதையும் எல்லோருக்கும் கேட்கவைத்தது. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"மதுரை ஆபீசுல மனுக் குடும்மா" என்று சொல்லிவிட்டு அதிகாரி போட்டோக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார். கமிட்டிக்காரர் ஒருவர் அவளைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் பக்ருதீனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒன்னயக் கூட்டியாந்து இப்பிடி நிக்க வச்சுட்டேனே, தாயி."

"அம்புட்டுப் பேருக்கு முன்னால அவரு பேரையாவது சொன்னாக பாய். இத்தன வருசத்துல யாரு சொன்னா" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

பென்ஷன் அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. சண்டை நின்றதும் அந்த அறையை உர வியாபாரி ஒருவர் வாடகைக்கு எடுத்துக்கொண்டார். ஆபீசை மறுபடி திறக்கச் சொல்லி பக்ருதீன் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

1966-இல், பாகிஸ்தான் சண்டையில் ஒரு காலை இழந்த சுருளிவேல் என்பவன் கட்டையை ஊன்றிக்கொண்டு பேகம்பூரில் வீடு வீடாக விசாரித்து வந்தான். காதர் பீவி கதவைத் திறந்தாள்.

"பட்டாளத்து பாய் வீடு இதுதானுங்களா? மனு எழுதித் தருவாருன்னாக."

"அவரு மௌத்தாயி ரெண்டு மாசமாச்சு அப்பு."

பாய் இறந்த சேதி அவன் ஊருக்கு எட்டியிருக்கவில்லை. கட்டையை மாற்றி ஊன்றிக்கொண்டான்.

"வேற யாராச்சும் இருக்காகளா, இங்கன?"

"இங்க யாருமில்ல" என்றாள் காதர் பீவி. "நீ மதுரைக்குத்தான் போகணும்."